விதைக்கு வைத்த கடலை

காலை ஏழு பத்து. அண்ணன் வீட்டுக் கதவு திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது, செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் நின்ற ஐந்து லிட்டர் கேன். உள்ளே கலங்கலான மஞ்சள் எண்ணெய். மூடிக்குக் கீழே பாலிதீன் தாள் வைத்து இறுக்கியிருந்தார்கள்.

அண்ணன் ஓசூரில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதகர். ஹெபடைடிஸ் பி பல வருடம் சத்தமில்லாமல் இருந்து ஈரலைச் சுருக்கிவிட்டிருந்தது. நோய் தெரிந்த வாரமே அண்ணி பாக்கெட் எண்ணெயை நிறுத்திவிட்டார். மத்தூர் பக்கம் விவசாயம் செய்யும் அவருடைய அப்பா, சொந்த நிலத்துக் கடலையை ஆட்டி பஸ்ஸில் கொண்டுவந்து கொடுப்பார்.

"கலப்படமே இல்ல தம்பி. அப்பா செக்குகிட்டயே நின்னு ஆட்டிட்டு வந்தாரு" என்றார் அண்ணி.

"எந்தக் கடலை அண்ணி?"

"இந்த ஐப்பசியில எடுத்ததுதான். நீங்களும் வந்திருந்தீங்களே."

போயிருந்தேன். செடி பிடுங்கிய மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. காயைக் குவித்துத் தார்ப்பாயால் மூடினார்கள். மழை விட்டுத் திறந்தபோது குவியலுக்குள் சூடு, புழுங்கிய வாடை. பெண்கள் உட்கார்ந்து பிரித்தார்கள். வெளுத்த காய் மண்டிக்கு. அதிலும் திரட்சியானதை அண்ணியின் அப்பா ஆடி விதைப்புக்கென்று தனியே கட்டி வைத்தார். கறுத்தது, சுருங்கியது, உடைத்தால் பச்சைத் தூள் பறந்தது எல்லாம் வீட்டுச் செலவுக்கு. சொத்தை தெரிந்தால் மண்டியில் மூட்டையையே திருப்பிவிடுவார்கள் என்பதால் அந்தப் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

"செக்குல போனா எல்லாம் எண்ணெதான்" என்றிருந்தார் அண்ணியின் அப்பா.

கேனைப் பார்த்த அன்று பெங்களூருவில் அண்ணனுக்குப் பரிசோதனை. மூன்று பேரும் போனோம். மருத்துவரிடம் அந்தக் குவியலைப் பற்றிச் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்தினார்.

"கடலை ஈரத்துல கிடந்தா ஒரு பூஞ்சை வரும். அதோட விஷம் சமைச்சாலும் போகாது. புண்ணாக்குலதான் நிறைய தங்கும், ஆனா செக்கு எண்ணெயிலயும் கொஞ்சம் இறங்கும். சுத்திகரிச்ச எண்ணெயில பெரும்பாலும் இருக்காது. ஏற்கெனவே வைரஸ் இருக்கிற லிவர் இது. ரெண்டும் சேர்ந்தா கூட்டல் இல்ல சார், பெருக்கல்."

திரும்பும் வழியில் அத்திப்பள்ளி நெரிசலில் பஸ் நின்றபோது அண்ணன் சிரித்தார். "எங்க ஃபேக்டரியில ரிஜெக்ட் பீஸ் ஸ்கிராப்புக்குப் போவும். எங்க மாமனார் ஊர்ல மாப்பிள்ளைக்கு வருது."

"எங்கப்பா உங்களுக்கு வெஷமா குடுத்தாரு?" என்றார் அண்ணி. முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"நான் எப்படி அப்படிச் சொன்னேன்?"

"சிரிச்சீங்களே."

வீட்டுக்கு வந்ததும் அண்ணி அப்பாவுக்குப் போன் செய்தார். "இனிமே கறுத்த காயைப் போட்டு ஆட்டாதீங்கப்பா. அவருக்கு ஆவாதாம்" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. மாலையில் கேனைக் கழிவறையில் கவிழ்த்தார். நாற்றம் போக வெந்நீர் ஊற்ற வேண்டியிருந்தது.

வைகாசியில் எடுத்த ஸ்கேனில் ஈரலின் வலப்பக்கம் ஒரு கட்டி தெரிந்தது. அண்ணி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அந்த எண்ணெயினாலயா சார்?"

"வைரஸ் மட்டுமே போதும்மா. இதுனாலதான்னு யாராலயும் சொல்ல முடியாது. இல்லன்னும் சொல்ல முடியாது."

அண்ணி ஃபைலை வாங்கிப் பைக்குள் வைத்து ஜிப்பை மூடினார். ஜிப் பாதியில் சிக்கியது. அப்படியே விட்டுவிட்டார்.

அடுத்த வாரம் அவருடைய அப்பா வந்தார். கையில் அதே அளவு கேன். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சொன்னார்:

"ஒரு சொத்த கெடையாது மாப்ள. ஒவ்வொரு பருப்பா பாத்துட்டுதான் செக்குல போட்டேன். வெதைக்கு வெச்சிருந்தது."

அண்ணன் கட்டிலில் இருந்தபடியே கேனை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பதினெட்டு வருடத் தொழில் பழக்கம். கேனின் கனத்துக்கு நான் அடியில் தாங்கிக்கொண்டேன். எண்ணெய் தெளிவாக இருந்தது.

"ஓகே பீஸ் மாமா" என்றார்.

அண்ணி அதை அடுப்படிக்கு எடுத்துப் போனார். அண்ணனுக்கு அப்போது கஞ்சித் தண்ணீர் மட்டும்தான் இறங்கிக்கொண்டிருந்தது.

அந்த ஆடியில் மத்தூர் பக்கம் நல்ல மழை. அண்ணியின் அப்பா நிலத்தில் கடலை விதைக்கவில்லை.