பொறுப்பாளர் கட்டம்

ஏற்காட்டு ரிசார்ட்டில் எனக்கு மேலே இருந்த மேனேஜரைப் பழிவாங்கியதில் இன்றுவரை எனக்குத் துளி வருத்தம் இல்லை. அந்த ஆளுக்கு அது வேண்டும்.

விருந்தினர் புகார்களைப் பதியும் மென்பொருள் என் பொறுப்பு. ஒவ்வொரு புகாருக்கும் யார் காரணம் என்று ஒரு கட்டம் உண்டு. ரிசப்ஷனில் அதை யாரும் நிரப்புவதில்லை. காலியாக இருந்தால் ஓனர் கேள்வி கேட்பார்.

"ஏதாச்சும் ஒரு பேரு தானா வர்ற மாதிரி டீஃபால்ட்டா வெச்சுருங்க. ரூம் கூட்டற அந்தம்மா பேரையே போடுங்க" என்றார் மேனேஜர். போட்டேன். ஒரே வரி, அரை நிமிட வேலை.

அதற்குப் பிறகு பைப் உடைந்து வெந்நீர் வராவிட்டாலும், குரங்கு புகுந்து பழத்தைத் தூக்கினாலும், தலைச்சோலை ஊரிலிருந்து ரூம் கூட்ட வந்த அந்த அக்காவின் பேர்தான் ஏறியது. ஆறு மாதத்தில் மேனேஜர் பட்டியலை அச்செடுத்து அவரை வேலையை விட்டு நிறுத்தினார்.

"பைப்பு ஒடஞ்ச அன்னைக்கு நான் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு லீவுங்க. நானெப்படிங்க ஒடைப்பேன்?" என்றார் அக்கா.

"லிஸ்ட்டுல இருக்குதில்ல?" என்றார், அந்தப் பேரை வைக்கச் சொன்ன அதே மகராசன். பக்கத்து மேசையில் இருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டேன்.

அன்று சாயங்காலமே டீஃபால்ட்டை மாற்றினேன். கட்டத்தைக் காலியாக விடுவதுதான் முறை. முறையாவது மண்ணாவது. மேனேஜர் பேரை வைத்தேன். தினமும் காலையில் காபியோடு உட்கார்ந்து, அவர் தலையில் விழுந்த புகார்களை எண்ணி ரசித்தேன். சீசன் முடிந்ததும் சேலத்திலிருந்து வந்த ஓனர் பட்டியலை அவர் முன்னால் போட்டார். டீஃபால்ட் பற்றிச் சொன்னால் அக்கா பேரை வைக்கச் சொன்னதும் வெளியே வரும் என்பதால் மேனேஜரால் தப்பிக்க முடியவில்லை; ஓனர் அவரை வேலையை விட்டு நிறுத்தினார். மூட்டை முடிச்சோடு அவர் பஸ் ஏறும்வரை நின்று பார்த்தேன். அவ்வளவு இனித்தது.

மறுநாள் அக்காவைத் திரும்பச் சேர்க்கச் சொல்லி ஓனரிடம் போனேன். அவர் பழைய பட்டியலைத் திறந்தார். டீஃபால்ட்டை மாற்றினால் இனி வரும் வரிகள்தான் மாறும், ஏற்கெனவே ஏறியது ஏறியதுதான்.

"இத்தன புகாரு இருக்குதே கண்ணு, எப்படிச் சேத்துக்கறது?"

அந்தப் பேரை வைத்தது நான்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அக்காவுக்கு வேலை கிடைத்திருக்கும். ஆனால் மேனேஜர் பேரை வைத்தது யார் என்று அடுத்த கேள்வி வந்திருக்கும்.

"சரிங்க" என்று சொல்லிவிட்டு என் மேசைக்கு வந்தேன்.