நீல நூல் கட்டிய பொட்டலம்

போன மாதம் பொம்மனஹள்ளியில் ஒரு கல்யாணம். உட்கார்ந்ததும் ஸ்ட்ரா போட்ட ஆரஞ்சுக் கலர் பாட்டிலை என் கையில் திணித்தார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியதுமே கீழே வைத்துவிட்டேன். பக்கத்தில் இருந்த பெண், "சுகரா ஆயா?" என்று கேட்டாள்.

"சுகர் இல்லடி, கோவம்" என்றேன்.

அவள் சிரித்தாள். நான் ஒன்றும் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அறுபது வருஷத்துக்கு மேலாக அந்த வாசனைக்கு எனக்கு வயிறு எரிகிறது. ஏன் என்று உங்களுக்காவது சொல்கிறேன், பொறுமையாகக் கேளுங்கள்.

ரிச்சர்ட்ஸ் டவுனுக்குப் பின்னால், ரயில் பாதை ஓரமாக இருந்தது எங்கள் சந்து. ஆண்கள் மில்லுக்குப் போவார்கள். பெண்களில் பாதிப் பேர் கார்ப்பரேஷனில் ரோடு பெருக்கினார்கள், மீதிப் பேர் பங்களாக்களில் வேலை பார்த்தோம். எனக்கு அப்போது பதினேழு வயது, ஒரு பங்களாவில் குழந்தை பார்த்துக்கொண்டிருந்தேன். கொல்லைப்புற ஜன்னலில் எனக்கென்று காது உடைந்த பீங்கான் கோப்பை ஒன்றைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். அதில் டீ குடித்து வளர்ந்தவளுக்கு, யார் நம் கையால் தண்ணீர் வாங்கிக் குடிப்பார், யார் குடிக்கமாட்டார் என்பது பத்தடி தூரத்திலேயே தெரிந்துவிடும். அன்றைக்கு மட்டும் ஏன் தெரியாமல் போயிற்றோ.

சட்டம் எழுதிய எங்கள் தலைவர் கண்ணை மூடியதற்கு அடுத்த சித்திரை அது. அவர் பிறந்த நாளை அந்த வருஷம் பெரிதாகச் செய்வது என்று சந்தில் முடிவாயிற்று. நான் அவரைப் பார்த்ததில்லை. கோட்டும் கண்ணாடியுமாகப் படத்தில் பார்த்ததுதான். எழுத்துக் கூட்டி நான் முதன்முதலில் படித்தது அந்தப் படத்துக்குக் கீழே இருந்த பெயரைத்தான். அதற்கு மேல் என் படிப்பு அதிகம் ஓடவில்லை, அதை விடுங்கள். நம்மவர்கள் தொடக்கூடாது என்ற பொதுக் குளத்தில் இறங்கி, அத்தனை பேர் பார்க்கத் தண்ணீரை அள்ளிக் குடித்தவர் அவர் என்று ஏழுமலை மாமா சொல்லுவார். மாமா என் அத்தையின் புருஷன், எங்கள் சந்துச் சங்கத்துக்குச் செக்ரட்டரி. முனியம்மா அத்தை அதை நூறு தடவை கேட்டிருப்பாள். ஆனாலும் ஒவ்வொரு தடவையும், "அள்ளியே குட்ச்சாரா! அத்தினி பேரு எதிர்லயா!" என்று கன்னத்தில் கை வைத்துக்கொள்வாள்.

விழாவுக்கு ஒரு கவுன்சிலரைக் கூப்பிட்டிருந்தார் மாமா. எங்கள் சந்துக்குக் குழாய் கிடையாது. கவுன்சிலர் மனது வைத்தால் குழாய் வரும். வருகிறவர் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடவேண்டும் என்பது அத்தையின் ஆசை. கறி ஆக்கினால் அதையே சாக்காகச் சொல்லிவிடுவார் என்று தேங்காய்ச் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் பாயசமும் ஆக்கினோம். நம் தலைவருக்கு விழா, நம் சந்து, நம் அடுப்பு, கறியை விட்டது மட்டும் யாருக்காகவோ. ஆண்கள் முணுமுணுத்தார்கள். "ஒருநாள் எலும்பு கடிக்கலன்னா பல்லு கொட்டிடாது" என்று அத்தை அடக்கிவிட்டாள். பங்களாவில் துணிக்குப் போடும் நீலத்தை நான் கொஞ்சம் முடிந்துகொண்டு வந்து, சணல் நூலை அதில் முக்கித் தோரணம் கட்டினேன். திருட்டுதான். இன்றைக்கும் அதற்காக வருத்தமில்லை.

கவுன்சிலர் வந்தார். படத்துக்கு மாலை போட்டார். பேச்சோ அருவி மாதிரி. விடுதலை என்றார், நாமெல்லாம் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்றார். நானும் உள்ளங்கை எரியும் மட்டும் கைதட்டினேன், மக்குதானே.

பேச்சு முடிந்ததும் மாமா, "ரெண்டு வாய் சாப்ட்டுப் போலாம் சார்" என்றார்.

"இப்பத்தான் வீட்ல ஆச்சுப்பா."

அத்தை புளி போட்டு விளக்கிய பித்தளைச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அவர் செம்பைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். "கலர் இருந்தா குடும்மா, போதும்" என்றார். மாமாவே மூலைக் கடைக்கு ஓடி ஒரு ஆரஞ்சுக் கலர் வாங்கிவந்தார். "மூடிய என் எதிர்ல தெற" என்றார் அந்த மனிதர். ஸ்ட்ரா போட்டுக் குடித்தார். நான் தட்டை ஏந்திக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். அந்த வாசனைதான்.

அத்தை அப்போதும் விடவில்லை. "அப்ப கட்டித் தர்றேன் சார், வூட்ல போயி துன்னுங்க" என்று வாழை இலையில் சோற்றைக் கட்டினாள். தோரணத்து நூலை அறுத்து நான்தான் இரட்டை முடிச்சுப் போட்டேன். அவர் கும்பிட்டார், டிரைவர் வாங்கிக்கொண்டான். "சார், ஹொரடோணா?" என்றான், கிளம்பலாமா என்று. கார் கிளம்பிவிட்டது.

"வாங்கிக்கினாருடி!" என்று அத்தை என் தோளைக் குலுக்கினாள்.

மறுநாள் விடிந்ததும் அவள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ரோடு பெருக்கப் போனாள். எங்கள் சந்து திரும்பி நாலாவது மரம். அதன் வேரடியில் எறும்பு மொய்க்கக் கிடந்தது பொட்டலம். முடிச்சுகூட அவிழவில்லை. நீல நூலைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. ரோட்டில் போட்டால் போயிற்று என்று நினைத்திருக்கிறார். அந்த ரோட்டை யார் பெருக்குகிறார்கள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை!

அத்தை அதைக் குப்பைக் கூடையில் போடவில்லை. மடியில் வைத்து எடுத்துவந்தாள். வாசலில் கரித்தூளால் பல் விளக்கிக்கொண்டிருந்த மாமாவின் காலடியில் வைத்தாள்.

"இந்தாய்யா, உங்க கவுன்சிலர் துன்ன சோறு."

மாமா குனிந்து அந்த முடிச்சைத் தொட்டுப் பார்த்தார். "கொழா வரும்னு பாத்தேன் முனிம்மா" என்றார், வாயெல்லாம் கரியாக.

"வரட்டும். அந்தக் கொழாத் தண்ணிய அவரு குடிப்பாரா? கேட்டு சொல்லு."

அன்றைக்குச் சாயங்காலம் பெண்கள் எல்லாரும் சங்கத்து வாசலில் போய் உட்கார்ந்துவிட்டோம். இனிமேல் எவர் வந்தாலும் முதலில் பந்தியில் உட்கார்ந்து எங்களோடு சாப்பிடவேண்டும், அப்புறம்தான் மாலையும் மைக்கும். இதை நோட்டீஸிலேயே போடவேண்டும். ஆண்கள் கத்தினார்கள். "உங்க வாயாலதான் நம்ம சந்து நாறப்போவுது" என்றார் ஒருவர். "நாறினா நாங்கதானே பெருக்கணும், ஒனக்கின்னா?" என்று அத்தை கேட்டாள். மாமா அதை நோட்டில் எழுதிக்கொண்டார்.

அடுத்த சித்திரையில் அதே கவுன்சிலர் வருகிறேன் என்று ஆள் அனுப்பினார். மாமா நிபந்தனையைச் சொல்லி அனுப்பினார். அவர் வரவில்லை. குழாய் பக்கத்துச் சந்துக்குப் போயிற்று. ஆறு வருஷம் அங்கிருந்து தண்ணீர் சுமந்தோம். வயிற்றில் பிள்ளையோடு இரண்டு குடம் தூக்கியபோது ஒரே ஒரு தடவை அத்தையை மனதுக்குள் திட்டியிருக்கிறேன். ஆனால் கவுன்சிலர் வராத அந்த வருஷம் படத்துக்கு மாலை போட்டது அவள்தான். காலை வேலையை முடித்துவிட்டுக் காக்கிப் புடவையோடு வந்து போட்டாள். கறிச் சோறு ஆக்கினோம். அதற்குப் பிறகு வந்த வாத்தியார், வக்கீல் எல்லாரும் தரையில் உட்கார்ந்து, கை நனைத்த பிறகுதான் பேசினார்கள்.

அத்தையும் மாமாவும் போய்விட்டார்கள். அடுப்பு மூட்டிய இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். விழா இப்போது மைதானத்தில், ஆளுயர மாலை, காதைக் கிழிக்கும் பாட்டு. சோறு கேட்டரிங்காரன் கொண்டுவருகிறான். போன வருஷம் மேடைப் பக்கம் போய், செக்ரட்டரியாக இருக்கிற பையனைக் கேட்டேன், ஏழுமலை மாமாவுக்குப் பேரன் முறை அவன்.

"ஏம்ப்பா, வர்றவரு நம்மகூட சாப்பிடுவாரா?"

"அவருக்கு எங்க ஆயா டைமு? அடுத்த ப்ரோக்ராம் கீது."

"நீ கேட்டியா?"

அவன் என்னை விசித்திரமாகப் பார்த்தான். "அதெல்லாம் யாராவது கேப்பாங்களா?" என்றான்.