கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு ஓட்டு

அலபாமாவில் எங்கள் ஊர்க்காரி வெர்டெல்லின் வயிற்றெரிச்சலில் ஒரு அண்டாக் கீரையே வெந்துவிடும். காரணம், அவளுடைய நாத்தனார் ஓசெல்லா.

இளவயதில் இருவருமே சிறைக்குப் போனவர்கள். ஓசெல்லா நகை திருடினாள். வெர்டெல்லின் கைப்பையில் கஞ்சா அகப்பட்டது. சிறைக்குப் போனதால் இருவருக்கும் இனி ஓட்டுரிமை இல்லை என்றார்கள். அதுவரை சமம்தான். போன வருடம் ஓசெல்லா மனுப் போட்டு, உரிமையைத் திரும்பத் தரும் சான்றிதழை வாங்கி, கண்ணாடிச் சட்டம் போட்டு, ஏசு படத்துக்கும் மேலே மாட்டிவிட்டாள்.

ஞாயிறு ஆராதனை முடிந்து கோழி தின்னும்போது ஓசெல்லா ஆரம்பித்தாள்.

"தேர்தல் வருது, அண்ணி. வரிசையில நின்னா எனக்குக் கால் கடுக்குது. நீங்க குடுத்துவச்சவங்க, வீட்டுலயே இருக்கலாம்."

"பாத்துடி. பழக்கதோஷத்துல ஓட்டுப்பெட்டியத் தூக்கிட்டு வந்துடப்போற."

சொல்லிவிட்டாளே ஒழிய, அன்று முழுக்க வெர்டெல்லுக்குத் தண்ணீர்கூடக் கசந்தது.

மறுநாள் வானொலியில் ஒரு செய்தி: எந்தக் குற்றத்துக்கு ஓட்டுரிமை போகும், எதற்குப் போகாது என்று பதிவு அலுவலர்களுக்கு அரசு பயிற்சி கொடுத்திருக்கிறதாம். வெர்டெல் தேவாலயத் தொப்பியை மாட்டிக்கொண்டு பதிவு அலுவலகத்துக்குப் போனாள். முன்பு ஓட்டு இல்லை என்று அவளைத் திருப்பியனுப்பிய அதே அலுவலர் டாலிவர்தான் உட்கார்ந்திருந்தார்.

"என்ன கேஸும்மா?"

"கஞ்சா. விக்கல, எனக்குத்தான்."

டாலிவரின் காது சிவந்தது. "ஒழுக்கக்கேடான குத்தத்துக்கு மட்டும்தாம்மா ஓட்டு போகும். அதுக்குச் சட்டத்துல ஒரு பட்டியல் இருக்கு, கஞ்சா வச்சிருந்தது அதுலயே இல்ல. உங்க ஓட்டு போகவே இல்ல. நாங்கதான் தப்பாச் சொல்லிட்டோம்."

வெர்டெல் தொப்பியைச் சரிசெய்துகொண்டாள். பிறகு, "அப்ப என் சான்றிதழ் எங்க?" என்றாள்.

"போகாதத எப்படிம்மா திருப்பித் தர்றது? பேரப் பதிஞ்சாப் போதும்."

"ஓசெல்லாவுக்குக் குடுத்தீங்களே."

"அவங்க கேஸு திருட்டு, பட்டியல்ல இருக்கு. அவங்க இழந்தாங்க, நீங்க இழக்கலயே."

"இருவது வருஷமா நான் போடல. அதுக்கு உங்க ஊர்ல வேற பேரா?"

டாலிவர் பதிவுத் தாளை அவள் பக்கம் நகர்த்தினார். கையெழுத்துப் போட்டுவிட்டு, அவள் நேரே நாத்தனார் வீட்டுக்கு நடந்தாள்.

"எனக்கு ஒழுக்கக்கேடு இல்லியாம்டி. உனக்குத்தானாம். அதப்போயி செவுத்துல வேற மாட்டிவச்சிருக்க."

ஓசெல்லாவின் முகம் சுண்டியது. அதைப் பார்த்தபோதுகூட வெர்டெல்லுக்கு அந்தக் கண்ணாடிச் சட்டத்தின்மேல் ஒரு கண்தான்.

தேர்தலன்று இருவரும் ஒரே காரில் போனார்கள். ஓசெல்லா ஓட்டுப் போட்டுவிட்டு, வெர்டெல்லுக்காக வெளியே வெகுநேரம் வெயிலில் நின்றாள்.

"என்ன அண்ணி, உள்ள தூங்கிட்டீங்களா?"

"நீ போட்டது ஒரு நாள் ஓட்டு," என்றாள் வெர்டெல். "நான் போட்டது இருவது வருஷத்து ஓட்டு. அவசரப்பட முடியுமா?"