நாலாவுக்கு மேல் நான் போட்ட வழி

மூன்றாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. அதற்குப் பிறகு நான் கட்டியதை மட்டும் சொல்கிறேன். பூனாவின் லோஹேகாவில், விமானம் தலையை உரசுவதுபோல் இறங்கும் இடத்தில், தகரக் கொட்டகையாக இருந்த வீட்டை மாடி வைத்துக் கட்டினேன். அஸ்திவாரத்தில் பாறை வந்தது. விட்டுவிடு என்றார்கள், விடவில்லை. எங்கள் குடியிருப்பு மாரியம்மனுக்கு ஸ்தபதி யாரும் இல்லாமல், காலண்டர் படத்தைப் பார்த்தே கோபுரம் எழுப்பினேன். அம்மன் முகம் கொஞ்சம் மராட்டிக்காரி போல் வந்துவிட்டது என்பார்கள். பொறாமை. விமான் நகரில் மாடிப்படி கோணலாகி இரண்டு மேஸ்திரிகள் கைவிட்டுப் போன கட்டடத்துக்கு மூன்றாவதாகப் போய்ப் படியை நிமிர்த்தியவன் நான். கழிப்பறை இல்லாத எங்கள் வரிசைக்கு, கோர்ட்டுக்குப் போவேன் என்று மிரட்டியவன் வீட்டுச் சுவரை ஒட்டியே கழிப்பறை கட்டினேன். மிரட்டியவன்தான் முதலில் உள்ளே போனான். பெண்கள் இரண்டு பேரைப் படிக்க வைத்துக் கட்டிக்கொடுத்தேன், அதையும் கட்டியதில் சேர்த்துக்கொள்ளலாம்.

கடைசியாக நாலாவுக்கு மேல் வழி போட்டேன். இதை எழுதுவது அதற்காகத்தான். மற்றதையெல்லாம் யாரும் என்னிடமிருந்து பிடுங்கவில்லை.

எங்கள் குடியிருப்புக்கும் அந்தப் பக்கத்து அடுக்குமாடிகளுக்கும் நடுவே ஓடுவதை இங்கே நாலா என்பார்கள். சாக்கடை என்று சொன்னால் சாக்கடைக்கு அவமானம். எங்கள் பெண்கள் முக்கால்வாசிப் பேருக்கு அந்த அடுக்குமாடிகளில்தான் வேலை: சமையல், பாத்திரம், குழந்தை பார்த்துக்கொள்வது. கண்ணுக்கு எதிரே தெரிகிற கட்டடத்துக்குப் போக மெயின் ரோட்டைச் சுற்ற வேண்டும். மண் லாரியும் ஏர்போர்ட் டாக்ஸியும் ஒன்றையொன்று முந்துகிற ரோடு. நடைபாதை என்று ஒன்று இருந்தது, அதன் மேல் பைக்குகள் நின்றன. ஒருநாள் டாக்ஸியின் கண்ணாடி என் மனைவியின் முழங்கையில் அடித்துவிட்டுப் போனது. டிபன் டப்பா உருண்டு லாரிச் சக்கரத்துக்கு அடியில் போய் அப்பளமாயிற்று. வீங்கிய கையோடு அவள் வேலைக்கே போனாள். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் நாலாவில் இறங்கினேன்.

என் சைட்டில் கீறல் விழுந்ததென்று ஒதுக்கிய பெரிய சிமெண்ட் குழாய்கள் கிடந்தன. சூப்பர்வைசரிடம் கேட்டு டிராக்டரில் ஏற்றிவந்தேன். தண்ணீர் போக அவற்றைக் கீழே பதித்து, மேலே இடித்த கான்கிரீட்டைக் கொட்டி, அதற்கு மேல் முரூம் என்கிற செம்மண் சரளையைப் பரப்பித் திமிசு போட்டு இறுக்கினேன். ஞாயிறு ஞாயிறாக வேலை. முதலில் ஒரு ஆளும் கை கொடுக்கவில்லை, வாய் மட்டும் கொடுத்தார்கள். "இன்னா கான்ட்ராக்டரே, டோல் கேட் எப்ப போடுவ?" என்று எதிர் வீட்டுக்காரன் கேட்டான். "உன் பொண்டாட்டிக்கு மட்டும் ஃப்ரீ, உனுக்கு டபுள்" என்றேன். அடுத்த ஞாயிறு அவனே மண்வெட்டியோடு வந்தான்.

வழி நின்றது. பல மழைக்காலத்தைத் தாங்கி நின்றது. வேலைக்குப் போகும் பெண்கள், பள்ளிப் பிள்ளைகள், கேட் டியூட்டிக்குப் போகும் ஆண்கள், எல்லோரும் அதில்தான் நடந்தார்கள். சைக்கிளில் இட்லி விற்கும் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் இருக்கிறார். பின்னால் பெரிய அலுமினிய அண்டா, ஹேண்டிலின் இரண்டு பக்கமும் சாம்பார் தூக்கு. ஹார்னை அமுக்கிக்கொண்டு அவர் அந்தப் பக்கம் ஏறும்போது ஊர்வலம் போல் இருக்கும். அடுக்குமாடிக்காரர்களும் காலை நடைக்கு இந்தப் பக்கம் வர ஆரம்பித்தார்கள். ஒருவரும் யார் போட்ட வழி என்று கேட்கவில்லை. நானும் எதிரில் வந்தவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. கேட்டவர்களிடம் மட்டும் சொன்னேன். கேட்காதவர்களில் சிலரிடமும்.

பிறகு மாநகராட்சி வழியாக மக்கள் பணம் வந்தது. நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் பாதை போடுகிறார்களாம், ஒரு பகுதியை இன்னொரு பகுதியோடு இணைக்கிறார்களாம். நல்ல காரியம். வரிப் பணத்தை ரோடு ரோடாகக் காருக்கே கொட்டியவர்களுக்குக் காலால் நடப்பவன் ஞாபகம் வந்ததே என்று உண்மையில் சந்தோஷப்பட்டேன். அதற்கான ஆலோசனைக் கூட்டத்தை எங்கே வைத்தார்கள் தெரியுமா? அந்த அடுக்குமாடியின் க்ளப் ஹவுஸில். எங்களுக்கு ஒரு துண்டுச் சீட்டுகூட வரவில்லை. இட்லிக்காரர்தான் வந்து சொன்னார்:

"ணே, நாளைக்கு நம்ம நாலா பத்தி மீட்டிங்காம். அங்க சாம்பார் ஊத்தறப்ப காதுல வுழுந்துச்சு. நீ போய் நில்லு. உன்ன உட்டா யாரு பேசறது?"

இஸ்திரி போட்ட சட்டையை என் மனைவி எடுத்துக் கொடுத்தாள். "மராட்டில பேசறேன்னு எதுனா ஒளறி வெக்காத. இந்தில பேசு" என்றாள்.

"இந்தில பேசுனா வந்தேறின்னு நெனப்பான். நான் பூனாக்காரன்டி."

"ஆமா, பூனாக்காரரு. மெதுவா பேசிட்டு வா."

க்ளப் ஹவுஸில் ஏ.சி. போட்டிருந்தார்கள். மாநகராட்சியிலிருந்து வந்த இளம் இன்ஜினியர் சுவரில் படம் காட்டினார். படத்தில் பாதை அடுக்குமாடியின் பின் கேட்டில் ஆரம்பித்து, ஒரு புதிய பாலத்தின் மேல் நாலாவைத் தாண்டி, உடனே முடிந்தது. அதற்கு அப்பால் எங்கள் குடியிருப்பு இருக்க வேண்டிய இடம் சாம்பல் நிறத்தில் இருந்தது. அதில் மராத்தியில் 'ரிகாமி ஜாகா' என்று எழுதியிருந்தது. காலி இடமாம். கோபுரம் நிற்கிறது, குழாயடியில் பெண்கள் சண்டை போடுகிறார்கள், காலி இடம்!

எழுந்து நின்றேன். "போலா, அண்ணா" என்றார் இன்ஜினியர், பேசச் சொல்லி. இந்த ஊரில் தமிழன் எவனும் அண்ணாதான். நான் சொல்ல நினைத்தது இவ்வளவுதான்: அந்த நாலாவின் வழியை நான்தான் போட்டேன், அது எங்கள் வீட்டு வாசலில்தான் ஆரம்பிக்கிறது, ஆகவே பாதையை அங்கிருந்து போடுங்கள். கட்டட வேலையில் எதைப் பொருத்தினாலும் மராத்தியில் 'லாவ்' என்பார்கள். டைல்ஸ் லாவ், பைப் லாவ், கதவு லாவ். வழிக்கு 'வாட்'. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உரக்கச் சொன்னேன்:

"த்யா நாலாச்சி வாட் மீச் லாவ்லி!"

கூரை பிய்ந்துகொள்வது போல் சிரிப்பு. ஒன்றுக்கு 'வாட் லாவ்லி' என்று மராத்திக்காரன் சொன்னால் அதை நாசமாக்கினேன் என்று அர்த்தம். அந்த நாலாவை நாசமாக்கியவன் நான்தான் என்று நானே எழுந்து நின்று, இஸ்திரிச் சட்டையில், மார்தட்டிச் சொல்லியிருக்கிறேன். எனக்குத் தெரியாத வார்த்தையா? சைட்டில் தினம் காதில் விழுந்த வசவு அது. ஆனால் அந்த நேரம் மனசில் இருந்தது வழி. வழியைப் போட்டேன் என்பதைத் தவிர வேறு எதுவும் மனசில் இல்லை.

அடுக்குமாடிச் சங்கத்தின் செயலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "நம்ம பேஸ்மென்ட்ல மழைத் தண்ணி ஏறுறதுக்குக் காரணமான ஆள் கிடைச்சாச்சு. பாவம், நேர்மையான மனுஷன்." மறுபடியும் சிரிப்பு. "பாந்த்லி, பாந்த்லி, கட்டினேன், கட்டினேன்" என்று நான் திருத்திக் கத்தினேன். ஒரு வார்த்தைகூட அவர்கள் காதில் ஏறவில்லை. "டீக் ஆஹே அண்ணா, பசா" என்றார் இன்ஜினியர், உட்காரச் சொல்லி. அவர் முகத்திலும் சிரிப்பு அடங்கவில்லை. அடுத்து ஒரு அம்மாள் எழுந்து, பாதை ஓரத்தில் எந்தப் பூச்செடி வைப்பது என்று கேட்டாள். பூச்செடியைப் பற்றிச் சிரிக்காமல் ரொம்ப நேரம் பேசினார்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். "தலதலயா அட்சிக்கினேனே, இந்தில பேசுன்னு. இப்ப நெஜமாவே வாட் லாக்லி, எல்லாம் நாசம், போ."

முதலில் வந்தது ஜே.சி.பி. நான் பதித்த குழாய்களைப் பல்லைப் பிடுங்குவது போல் பிடுங்கிக் கரையில் போட்டார்கள். அந்த மழைக்காலம் முழுவதும் எங்கள் பெண்கள் பழையபடி மெயின் ரோட்டைச் சுற்றினார்கள். பிறகு பாலம் வந்தது, பச்சைச் சாயம் வந்தது, ஸ்டீல் கைப்பிடி வந்தது. திறப்பு விழாவுக்கு ஒரு டெம்போவில் புத்தம்புது சைக்கிள்கள் வந்து இறங்கின. கதர் உடுப்பும் கூலிங் கிளாஸுமாகப் பெரிய மனிதர்கள் அவற்றில் உட்கார்ந்தார்கள். ஒருவருக்குப் பெடலில் கால் எட்டவில்லை, இரண்டு பேர் பின்னால் பிடித்துக்கொண்டார்கள். போட்டோ முடிந்தது, சைக்கிள்கள் டெம்போவில் ஏறின, பெரிய மனிதர்கள் காரில் ஏறினார்கள். மிச்சம் கிடந்தது பிளாஸ்டிக் பூவும் தின்று போட்ட வடா பாவ் காகிதமும். சீ என்று ஆகிவிட்டது எனக்கு.

இப்போது போய்ப் பாருங்கள். பச்சைச் சாயத்தில் குட்கா எச்சில் கோலம் போட்டிருக்கிறது. அடுக்குமாடி நாய்களைக் கொண்டுவந்து பாலத்தில் நிறுத்தி, முடிந்ததும் அப்படியே திருப்பிக் கூட்டிப்போகிறார்கள். நாற்றத்துக்கு நாலாவே தேவலாம். பைக் ஏறக் கூடாதென்று பாதை வாயில் இரும்புக் கம்பங்கள் நட்டிருக்கிறார்கள். அவை அத்தனை நெருக்கம். இந்தச் சுற்றுவட்டாரத்தில் சைக்கிளை வைத்துப் பிழைக்கிறவர் எங்கள் இட்லிக்காரர். சைக்கிள் பாதையில் நுழைய முடியாதவரும் அவர்தான். தூக்கு இரண்டையும் கழற்றி, அண்டாவை இறக்கி, சைக்கிளைச் சாய்த்து உள்ளே தள்ளி, மறுபடி எல்லாவற்றையும் ஏற்ற வேண்டும்.

"இது சைக்கிளு போற பாதயா, சர்க்கஸு காட்ற பாதயாண்ணே?" என்று கேட்டார் ஒருநாள், சாம்பார் வழிந்த கையை உதறிக்கொண்டே.

இந்தப் பக்கத்தில் பாலம் இறங்குகிற இடத்தோடு சிமெண்ட் நின்றுவிட்டது. அதற்கு மேல் சேறு. படத்தில் காலி இடமாக இருந்ததல்லவா, காலி இடத்துக்கு யார் பாதை போடுவார்கள்? மழையில் அந்தச் சேற்றில் முதலில் வழுக்கி விழுந்தவள் என் மனைவி. அதே கை.

அவளை வைத்தியரிடம் காட்டிவிட்டுத் திரும்பிய அன்றுதான் அடுக்குமாடி கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கல்வெட்டை நின்று படித்தேன். பஸ் போர்டைப் பார்த்துப் பார்த்து மராத்தி எழுத்து கற்றவன் நான். மெதுவாகத்தான் படிப்பேன், ஆனால் படிப்பேன். அடையாளம் தெரியாத நபர்கள் நாலாவில் கொட்டிய இடிபாடுகளை அகற்றி, மக்கள் நிதியில் இந்த இணைப்புப் பாதை அமைக்கப்பட்டது என்று இருந்தது. கீழே திறந்து வைத்தவர் பெயர், முன்னின்றவர் பெயர், சங்கச் செயலாளர் பெயர்.

அடையாளம் தெரியாத நபர், 'அக்ஞாத் இசம்'. ரயில் பாதையில் அனாதைப் பிணம் கிடந்தால் மராத்திப் பேப்பரில் போடும் வார்த்தை. இவர்கள் முன்னாலேயே எழுந்து நின்றவன் நான். என்னைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். சிரிக்கும்போது தெரிந்த ஆள் எழுதும்போது எப்படித் தெரியாமல் போனான்? நாய்களின் அசிங்கம்கூட எனக்கு அவ்வளவு குமட்டவில்லை.

போன மாதம் அதே இன்ஜினியர் அளவு டேப்போடு பாலத்தில் நின்றார். போய் எதிரில் நின்றேன். இந்த முறை இந்தியில் பேசினேன். மனைவி சொன்னதைக் கேட்கக் கூடாது என்று ஒன்றும் இல்லை.

"ஞாபகம் இருக்கா சார் என்னை?"

"மறக்க முடியுமா அண்ணா? நாலாவை நாசமாக்கினவர் ஆச்சே!" என்று சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

இரண்டாம் கட்டப் பணம் வந்திருக்கிறது என்றார். பாதையை எந்தப் பக்கம் நீட்டுவது என்று முடிவாகவில்லை. கேட்டிலிருந்து மார்க்கெட் பக்கம் நீட்டச் சொல்லிச் சங்கம் எழுதிக் கொடுத்திருக்கிறது. "உங்க பக்கம் ஏற்கெனவே வழி இருந்ததுன்னு கணக்குல எங்கயும் இல்லையே அண்ணா. இருந்திருந்தா உங்களுக்குத்தான் முதல்ல" என்றார். கரையில் கிடக்கும் என் குழாய்களைக் காட்டினேன். மேலே செடி முளைத்திருந்தது. "இது எதுக்கு இங்க கெடக்குன்னு நெனச்சீங்க?" என்றேன். அவர் டேப்பை நீட்டி ஒரு குழாயின் வாயை அளந்தார். "இந்த முறை மீட்டிங்கை உங்க கோயில்ல வெச்சுக்கலாமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். இன்னும் வைக்கவில்லை.

வைக்கட்டும், வைக்காமல் போகட்டும், நான் கேட்பதை இங்கேயே கேட்டுவிடுகிறேன். அந்தக் கல்வெட்டில் இருக்கும் அடையாளம் தெரியாத நபரை உளியால் கொத்தி எடுக்க வேண்டும். ஆள் கிடைக்காவிட்டால் உளி என்னிடம் இருக்கிறது. இந்த வழியை முதலில் போட்டது இந்தப் பக்கத்து மனிதன், அது எங்கள் வாசலில் ஆரம்பித்தது என்று அந்த இடத்தில் எழுத வேண்டும். அப்படி எழுதிவிட்டுச் சேற்றை அப்படியே விட்டுவைக்க எந்த அதிகாரிக்கும் துணிச்சல் வராது. ஞாயிற்றுக்கிழமைகளில் மண்வெட்டி எடுத்தவர்களையும் சேர்க்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் என் பெயர் மேலே இருக்க வேண்டும், திறந்து வைத்தவர் பெயருக்கு இருக்கும் அதே பருமனில். இந்தக் கட்டுரையில் நான் பெயர் போடவில்லை. அது கல்லில் வரட்டும். மராத்தியில் அதை எழுதும்போது ஒரு எழுத்தை எப்போதும் விட்டுவிடுகிறார்கள். கல் வெட்டுகிறவர் வரும் அன்று நானே பக்கத்தில் நின்று எழுத்துக் கூட்டிச் சொல்கிறேன்.