கல்பாசி மேல் குடியிருப்பது

கல்பாசியைத் தங்கம் முதலில் மூக்கால்தான் பார்ப்பாள். ஒரு கை அள்ளி, கண்ணை மூடி, நெஞ்சு நிறைய மோந்துவிட்டு அப்புறம்தான் முறத்தில் பரப்புவாள். உஸ்மான் ரோட்டுச் சந்தில், எஸ்.டி.டி. பூத்தை ஒட்டி, அவளும் புருஷன் வெள்ளைச்சாமியும் நடத்துகிற மசாலாக் கடையில் அரவை மிஷின் என்ன சத்தம் போட்டாலும் அவள் கண் முறத்தை விட்டு எழும்பாது. குச்சியும் கல்லும் ஒரு பக்கம் போகும். சாம்பல் முகத்தில் கருப்புப் புள்ளி விழுந்த இதழ்களை ஊதுவாள், தேய்ப்பாள், போகாவிட்டால் வீசிவிடுவாள். ஆண்டவனே வந்து சொன்னாலும் அவளுக்கு அது அழுக்குதான்.

அன்று பிரித்த மூட்டையில் பாதிக்கு மேல் புள்ளி. சாயங்காலத்துக்குள் கல்யாணச் சமையல்காரருக்கு மசாலா போயாக வேண்டும். பிடித்துவிட்டால் வருஷம் முழுக்க வரக்கூடிய ஆள்.

"அரைச்சுட்டா எல்லாம் ஒரே கருப்புதான். போடு" என்றான் வெள்ளைச்சாமி.

மிளகாய்த்தூளுக்கு நின்றிருந்த ஆரோக்கியமேரி காலேஜில் தாவரப் பாடம் எடுக்கிறவர். பையிலிருந்து லென்ஸை எடுத்து ஓர் இதழைப் பார்த்தார். இதழையும் லென்ஸையும் தங்கத்திடம் நீட்டினார்.

தங்கம் குனிந்தாள். புள்ளியே இல்லை அது. குட்டிக் குட்டிக் கருப்புக் குடங்கள், ஒவ்வொன்றுக்கும் ஊசிமுனை வாய், ஓர் ஊரே தண்ணிக்கு வந்து நிற்கிற மாதிரி.

"அழுக்கில்ல தங்கம், உசிரு. கல்பாசியே பாசியும் பூஞ்சையுமா ரெண்டு உசிரு சேந்து நடத்துற குடித்தனம். அதுக்கு மேல மூணாவதா இன்னொரு பூஞ்சை, இந்தக் கருப்பு."

"மாடி போர்ஷனா? வாடகை குடுக்குமா டீச்சர்?"

"குடுக்காது. சாப்பாடும் வீட்டுக்காரங்ககிட்டதான்."

"எங்க கொழுந்தனார் மாதிரி."

வெள்ளைச்சாமி காதில் விழாதவன்போல் மல்லிச் சாக்கைப் பிரித்தான்.

"தின்னா கெடுதலா டீச்சர்?"

"தெரியல. யாராச்சும் பாத்துச் சொல்லியிருக்காங்களான்னுகூட எனக்குத் தெரியல."

தங்கம் போய் மிஷினை அணைத்தாள். "அப்ப இது பந்திக்குப் போகாது. கல்பாசி இல்லாமலே அரைங்க. இல்லைன்னு சொல்லியே குடுங்க."

"அந்தாளு வேற கடைக்குப் போயிருவாருடி."

"போகட்டும்."

மூட்டையின் வாயைக் கட்டி ஓரமாகத் தள்ளினாள். இத்தனை வருஷம் முறம் முறமாக எத்தனை ஊர்களை ஊதித் தள்ளியிருப்பாளோ. வெள்ளைச்சாமி முணுமுணுத்துக்கொண்டே மல்லியையும் மற்ற சாமான்களையும் மட்டும் மிஷினில் கொட்டினான்.

லென்ஸைத் திருப்பிக் கொடுக்க நீட்டியவள், சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். வாசல் வெளிச்சத்துக்குத் திரும்பி, மஞ்சள் அப்பிய தன் புறங்கையை மெல்ல அதன் அடியில் வைத்துக் குனிந்தாள்.