வராமல் போன கடைசிப் பெட்டி

கறுப்பு பூட்ஸ் பாலீஷின் வாசம் மூக்கில் பட்டால் இந்த வயதிலும் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். எல்லாம் சிறுமியாக இருந்தபோது தென்காசிக் கொட்டகையில் அம்மாவோடு பார்த்த ஒரு படத்தால் வந்த வினை. பட்டாள முகாம் ஒன்றில் ஒவ்வொருவராகக் கொலையாகிறார்கள். கொலைகாரனின் முகத்தைக் காட்டாமல், பளபளக்கும் அவனுடைய கறுப்பு பூட்ஸை மட்டும் காட்டுவார்கள். அது நடந்து வரும் சத்தம் கேட்டதுமே, மணலைக் குவித்து உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லாம் ‘ஆத்தி’ என்று கண்ணைப் பொத்திக்கொண்டார்கள்.

சாரல் காலத்தில் குற்றாலத்துக் கூட்டத்தையும் விட மனமில்லாமல் ஒரே படத்தை இரண்டு ஊரிலும் ஓட்டுவார்கள். அங்கே ஓடி முடிந்த சுருளைப் ‘பெட்டி’யில் போட்டு சைக்கிளில் கட்டி இங்கே கொண்டுவர வேண்டும். அன்று சிற்றாற்றில் வெள்ளம். “கடைசிப் பெட்டி வரல. நாளைக்கி இதே டிக்கெட்டோட வாங்க” என்று கொட்டகைக்காரர் கையை விரித்துவிட்டார்.

மறுநாள் கொட்டகைக்குப் போவதாவது! காலையிலேயே அப்பா பட்டாளத்திலிருந்து லீவில் வந்து இறங்கினார். விவரம் தெரிந்து நான் அவரைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. காலில் அதே கறுப்பு பூட்ஸ். “ஏட்டி, அப்பாட்ட போ. ஒன்னக் கடிச்சா திங்கப் போறாவ?” என்று அம்மா தள்ளிவிட்டும் நான் நெல் குதிருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். தினமும் அவர் முற்றத்தில் உட்கார்ந்து பூட்ஸைத் துடைக்கும்போது, ரத்தத்தைத்தான் துடைக்கிறார் என்று நினைத்துக் குதிருக்குப் பின்னாலிருந்தே எட்டிப் பார்ப்பேன். ஆசையாகக் கையை நீட்டினால் அலறுவேன்; அவர் முகம் வாடிப்போகும்.

லீவு முடியப் போகிற சமயத்தில் ஐந்தருவிக்குப் போனோம். குளிப்பாட்ட அவர் தூக்கியதும், “என்னையக் கொன்னுராதீய!” என்று கத்திவிட்டேன். குளித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா தலையில் அடித்துக்கொண்டு படத்தின் கதையைச் சொன்னாள். அப்பா சிரிக்கவில்லை. ஈரத் துண்டோடு என் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார்.

“அந்தப் படமா? நான் கேம்ப்லயே பாத்துட்டம்லா. பூட்ஸுக்காரன் பாவம்ட்டி. அவன் பூட்ஸத் திருடிப் போட்டுக்கிட்டுக் கொன்னது சமையக்காரன்.”

மிச்ச நாளெல்லாம் நான் அவர் தோளைவிட்டு இறங்கவில்லை. அதன் பிறகு அவர் லீவில் வரவே இல்லை, தந்திதான் வந்தது.

அப்படி ஒரு படம் வந்ததையே அவர் ஐந்தருவியில்தான் கேள்விப்பட்டார் என்று, வெகுகாலம் கழித்து அம்மா சொன்னாள்.

கொட்டகை இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். படத்தின் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியவில்லை. போன சாரலில் பேத்திதான் எங்கிருந்தோ தேடி அதைச் செல்போனில் பிடித்துவிட்டாள். அன்று படம் நின்ற இடம் வந்தது. பூட்ஸ் சத்தம் கேட்டது. பழையபடி கண்ணைப் பொத்தப் போனேன். ஆனால் இந்தப் பயம் வேறு.

“அணைச்சிரு, மக்கா.”

“கொன்னது யாருன்னு பாக்காண்டாமா, ஆச்சி?”

“சமையக்காரன்தான்” என்றேன்.