ரேங்க் இல்லாத கார்டு

பதற்றம் வந்தால் எனக்கு முதலில் மூக்கு வியர்க்கும். அடுத்து, தேவையே இல்லாமல் தண்ணீர் குடிப்பேன். ராஜபாளையத்திலிருந்து பஸ் பிடித்துப் போய், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துத் தொடக்கப்பள்ளி ஒன்றில் ஐந்தாம் வகுப்பு நடத்திய அந்தத் தொண்ணூறுகளில் பள்ளிக்கூடத்துப் பானையில் பாதியைக் காலி செய்தவன் நான்தான்.

அந்த வருஷம் என் பதற்றத்துக்குக் காரணம் ஒரு பெண்பிள்ளை. காலாண்டில் அவள்தான் வகுப்பில் கடைசி ரேங்க். அப்பா வத்திராயிருப்புப் பக்கம் தென்னந்தோப்புகளில் காய் வெட்டி எண்ணிக் கொடுக்கிறவர்; பள்ளிக்கூடத்தில் அவரைத் தோப்புக்காரர் என்றுதான் சொல்வோம். கார்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாதாரணமாகச் சொன்னார்: அரையாண்டிலும் கடைசி என்றால் பொங்கலோடு நிறுத்திவிடுவார்; பேண்டேஜ் துணி நெய்கிற தறியில் தார் சுற்ற, அதாவது குச்சியில் நூல் சுற்ற, ஆள் கேட்கிறார்கள்.

"படிப்பு வராத பிள்ளைய ஏன் சார் பாடாப் படுத்தணும்?"

நான் பானைப் பக்கம் போனேன். தண்ணீர் குடித்தேன்.

அந்தச் சமயத்தில்தான் தலைமையாசிரியை ஒரு பயிற்சிக்குப் போய்விட்டு வந்தார். எந்தப் பள்ளியானாலும் சரி, ஒவ்வொரு வகுப்பிலும் பிள்ளைகள் குறைந்தது இன்னின்னதைச் செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்று பொதுவாக வகுத்து அங்கே கொடுத்திருந்தார்கள். மற்றவர்கள் அதை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். இவர் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, இந்த அரையாண்டுக்கு மார்க்கும் வேண்டாம், ரேங்க்கும் வேண்டாம். இதுல உள்ளதையே கார்டுல எழுதிருவோம்" என்றார்.

அப்படியே தயாரித்தோம். இடது பக்கம் திறன்கள்: பத்தியை வாசித்துப் பொருள் சொல்லுதல், கடிதம் எழுதுதல், வகுத்தல், பின்னம் என்று வரிசையாக. வலது பக்கம் மூன்று கட்டங்கள்: நன்றாக வரும், உதவினால் வரும், இன்னும் வரவில்லை. ஒவ்வொரு திறனுக்கும் பொருத்தமான கட்டத்தில் ஒரு டிக். சைக்ளோஸ்டைல் மை சட்டையெல்லாம் அப்பிக்கொள்ள, பெரிய கண்டுபிடிப்பாளனைப் போல நான் வீட்டுக்குப் போனேன்.

கார்டு கொடுத்த நாளன்று பெற்றோர்கள் பெஞ்சுகளில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் முதலில் தேடியது ரேங்க்கைத்தான். இல்லை என்றதும் சும்மா இருப்பார்களா? தோப்புக்காரர் தேங்காய் எண்ணுகிற பழக்கத்தில் இரண்டு விரலை வைத்து டிக்குகளை ஜோடி ஜோடியாக எண்ணத் தொடங்கினார். எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதையெல்லாம் அவர் பார்க்கவில்லை. பக்கத்திலிருந்தவரும் எண்ணினார். பிறகு பெஞ்சு பெஞ்சாக எண்ணினார்கள். ஒரு திறனுக்கு ஒரு டிக் என்றால் எல்லாக் கார்டிலும் ஒரே எண்ணிக்கைதானே வரும்? இந்த எளிய கணக்கு, கணக்கு வாத்தியாரான எனக்கு அப்போதுதான் உறைத்தது.

வழக்கமாக முதல் ரேங்க் வாங்கும் பையனின் அம்மா, மில் மேஸ்திரியின் மனைவி, எழுந்தார். "அப்போ எம் மவனும் அந்தப் பிள்ளையும் ஒண்ணா? என்ன சார் பரீட்ச வச்சீக?"

தோப்புக்காரருக்கு அது காதில் விழவில்லை. பெஞ்சு முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி, "எம் மவளும் ஃபர்ஸ்ட் ரேங்க்கு" என்றார். மகளின் தலையில் கை வைத்து ஒரு ஆட்டு ஆட்டினார். பால்கோவா வாங்கிவர ஆள் கூடக் கிளம்பிவிட்டது.

என் மூக்கு ஊற்றெடுத்தது. சும்மா இருந்தால் பிள்ளை தப்பித்துவிடும். ஆனால் மேஸ்திரி மனைவி எப்படியும் கட்டங்களைக் கண்டுபிடித்து, வாசலில் வைத்தாவது அவருக்கு விளக்கிவிட்டுத்தான் போவார். நானே சொன்னால், பொங்கலுக்கு அப்புறம் பிள்ளைக்குத் தறியில் தார்தான். பானையைப் பார்த்தேன். அதன் பக்கத்தில் தலைமையாசிரியை நின்றிருந்தார். "அங்க என்ன பார்வ? போயிச் சொல்லுங்க தம்பி" என்றார்.

போய்த் தோப்புக்காரர் அருகில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு வரியாக வாசித்து, கட்டத்தைக் காட்டிச் சொன்னேன். வாசித்துப் பொருள் சொல்வாள். கடிதம் எழுதுவாள். மனக்கணக்கு நன்றாக வரும். அளவை வரும். படம் பார்த்துக் கதை சொல்வாள். பெருக்கல் உதவினால் வரும். வகுத்தல் வரவில்லை. பின்னம் வரவில்லை.

அவர் முகத்திலிருந்த சிரிப்பு இறங்கியது. கடைசிக் கட்டத்தில் இருந்த அந்த இரண்டு டிக்கின் மேலும் விரலை வைத்தார்.

"வராதது இம்புட்டுத்தானா?"

"இம்புட்டுத்தான்."

"பொறவு எதுக்கு சார் கடைசி கடைசின்னு எழுதுனீக? கடைசின்னா நான் என்னன்னு நெனைப்பேன்? ஒண்ணுமே வராதுன்னுல்லா நெனைச்சேன்." குரல் உயரவில்லை. "இந்த ரெண்டும் வர எம்புட்டு நாளாகும்?"

யோசித்துச் சொல்வதுதான் வாத்தியாருக்கு அழகு. நானோ, "முழுப் பரீட்சைக்குள்ள வந்திரும், சாயங்காலம் செத்த நேரம் இருக்கச் சொல்லுங்க" என்று உளறிவிட்டேன். அவர் தலையாட்டினார். அதற்குள் பால்கோவா வந்து சேர்ந்தது. அவர் அதைத் திருப்பி அனுப்பவில்லை. மேஸ்திரி மனைவிக்கும் ஒரு பொட்டலம் கொடுத்தார். அந்த அம்மாளும் முறைத்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்.

பொங்கல் கழிந்தும் பிள்ளை வந்தாள். தினமும் சாயங்காலம் வகுத்தல். வகுத்தல் சீக்கிரம் வந்துவிட்டது. பின்னம் எங்கள் இருவரையுமே அழவைத்தது. கொடுத்த வாக்கை நினைத்து நான் குடித்த தண்ணீருக்கு ஒரு கிணறே வெட்டியிருக்கலாம். ஆண்டுத் தேர்வு நெருங்குகையில் ஒருநாள் அவள் ஒரு பின்னக் கணக்கைப் போட்டு நீட்டினாள். சரியாக இருந்தது. நம்பாமல் இன்னொன்று கொடுத்தேன். அதுவும் சரி.

எங்கள் பள்ளி ஐந்தோடு முடிந்துவிடும். தறிக்குப் போகிற பிள்ளைக்கு டி.சி. தேவையில்லை, ஆறாவது சேர்க்கத்தான் தேவை. ஜூனில் எல்லாரும் வந்து டி.சி. வாங்கிப்போன பிறகும் தோப்புக்காரர் வரவில்லை. பஸ்ஸில் போகும்போதெல்லாம் தென்னை மரம் தென்பட்டால் எனக்கு மூக்கு வியர்த்தது.

ஒரு காலை அவர் வந்தார். காய் வெட்டு முடியவில்லையாம், அதுதான் தாமதமாம். அவசரத்தில் முதல் படிவத்தைப் பாழாக்கிவிட்டு, இரண்டாவதில் எழுதிக் கொடுத்தேன்.

வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே கேட்டார்: "ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பள்ளிக்கூடத்துல கார்டுல ரேங்க் போடுவாகளா சார்?"

"போடுவாங்க."

"போட்டுட்டுப் போகட்டும். எது எது வரலைன்னு நான் நேராப் போயிக் கேட்டுக்கிடுதேன்."